நின்றவரா? நடந்தவரா?



சில மாதங்களுக்கு முன் சிதம்பரத்தில் நடைபெற்ற ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தோம். மணமகன் நமக்கு அந்நியன் அல்லன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் கடலூர் முதுநகரில் நம் நண்பர் ஒருவர் தம் தலைமகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, வெண்ணிற ஆடை போர்த்திய அக்குழந்தையைக் கையில் ஏந்தி, எரியும் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு, ஞானத்தந்தையாக நின்றது நாமே. அந்தக் குழந்தைதான் அன்று மாலையும் கழுத்துமாக நின்றான்.

திருப்பலி முடிந்து விருந்துக்கு அமருமுன், அவன் தன் மனைவிக்கு வந்திருந்தோரை ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தான். நம்மருகே வந்ததும், "இவர் எனக்கு ஞானஸ்நானத்தில் நின்றவர்" என்றான். அடுத்து, நமக்குப் பக்கத்தில் சலவை வேட்டியும் பழைய சட்டையுமாக அமர்ந்திருந்த ஒரு முதியவரின் கையைப் பற்றிக்கொண்டான். "இவர் என்னோடு நடந்தவர்" என்றான். அவன் குரல் சற்றே தழுதழுத்தது.

நம்மைக் குத்திக்காட்டும் எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னான். உள்ளதைச் சொன்னதால்தான் அச்சொல் நெஞ்சில் தைத்தது. அன்று இலையில் பரிமாறிய விருந்து நமக்கு ருசிக்கவில்லை. கடலூர் திரும்பும் பேருந்தில் வழிநெடுக அந்த இரு சொற்களே செவியில் ஒலித்துக்கொண்டிருந்தன: நின்றவர், நடந்தவர்.

நாம் செய்ததும் செய்யாததும்

நாம் என்ன செய்தோம் என்று எண்ணிப் பார்த்தோம். ஞானஸ்நானத்தன்று குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் அணிவித்தோம். புதுநன்மையன்று ஒரு கைக்கடிகாரம் கொடுத்தோம். கிறிஸ்துமஸ் தோறும் துணிக்குப் பணம் அனுப்பினோம். செலவில் குறை வைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை செபிக்கிறானா, எதைக் கண்டு அஞ்சுகிறான், எதை நினைத்து மகிழ்கிறான் என்று ஒருமுறையேனும் அவனிடம் அமர்ந்து கேட்டதுண்டா? இல்லை.

வளர்ந்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, விடுதியில் தங்கினான். இரண்டாம் ஆண்டில் அவன் தந்தை திடீரென்று மாரடைப்பால் இறந்தார். அடக்கத்திற்குச் சென்றோம், மாலை வைத்தோம், திரும்பிவந்தோம். ஆறு மாதம் கழித்து அவன் தாயார் நம்மிடம், "அண்ணே, பிள்ளை கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டான். கேட்டால், 'அப்பாவைக் காப்பாற்றாத சாமியிடம் எனக்கு என்ன பேச்சு?' என்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கண்ணீர் விட்டார். நாம் என்ன மறுமொழி கூறினோம் தெரியுமா? "பங்குச் சாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், அம்மா" என்றோம்!

அந்நாள்களில் மாதம் ஒருமுறையேனும் அலுவல் நிமித்தம் நாம் சிதம்பரம் சென்றுவந்தோம். பேருந்து நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கு ஆட்டோவில் பத்து நிமிடப் பயணம். அந்தப் பத்து நிமிடம் நமக்குக் கிடைக்கவேயில்லை.

அந்த முதியவருக்குக் கிடைத்தது. அவர் உபதேசியார் அல்லர். மறைக்கல்வி ஆசிரியரும் அல்லர். ஓய்வுபெற்ற ஓர் இரயில்வே ஊழியர். தாயாரின் நச்சரிப்புக்காக ஒரு ஞாயிறு கோயிலுக்கு வந்து, உள்ளே நுழையாமல் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்த இளைஞனைப் பார்த்திருக்கிறார். பூசை முடிந்ததும் அவனிடம் வந்து, "ஏன் உள்ளே வரவில்லை?" என்று கேட்கவில்லை. "சாப்பிட்டாயா, தம்பி?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் தொடக்கம்.

திருமண வீட்டில் அவரிடம், "ஐயா, பிள்ளையை எப்படி மனந்திருப்பினீர்கள்?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "நான் ஒன்றும் செய்யவில்லையே, ஐயா. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டோம். அவன் கோபமாகப் பேசினான், கேட்டுக்கொண்டிருந்தேன். என் மூத்த மகன் போனபோது நானும் அப்படித்தான் பேசினேன் என்று சொன்னேன். ஒருநாள் அவனாகவே, 'பூசைக்குச் சேர்ந்து போவோமா, தாத்தா?' என்றான்" என்றார். ஈராண்டுகள், ஞாயிறுதோறும், இதுதான் நடந்திருக்கிறது.

திருச்சபை கேட்பது என்ன?

ஞானத்தந்தை, ஞானத்தாய் என்னும் பொறுப்பை நாம் ஓர் உறவுமுறை மரியாதையாகவே கருதிப் பழகிவிட்டோம். மாமன் கோபித்துக்கொள்வாரே என்று மாமனை நிறுத்துகிறோம். வசதியுள்ளவர் என்று முதலாளியை நிறுத்துகிறோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறார் என்று, மறுவாரமே விமானம் ஏறப்போகிறவரை நிறுத்துகிறோம். திருச்சபையின் எண்ணமோ வேறு.

1983-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 872 முதல் 874 வரையுள்ள விதிகள் இதைத் தெளிவாக வகுத்துள்ளன. ஞானப்பெற்றோரின் கடமை, ஞானஸ்நானம் பெற்றவர் அதற்கேற்ற கிறிஸ்தவ வாழ்வு வாழத் துணைபுரிவது. அவர் ஒருவராக இருக்கலாம். இருவராயின் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருக்கவேண்டும். பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவராக, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக, ஏற்கும் பொறுப்புக்கு இசைந்த விசுவாச வாழ்வு நடத்துபவராக இருக்கவேண்டும். பெற்ற தாயோ தந்தையோ இப்பொறுப்பை ஏற்கலாகாது. உறுதிப்பூசுதலின்போதும் அதே ஞானப்பெற்றோர் நிற்பது விரும்பத்தக்கது என்று 893-ஆம் விதி கூறுகிறது. ஏன்? தொட்டிலில் தொடங்கிய துணை இளமையிலும் தொடரவேண்டும் என்பதற்காக அன்றோ? இத்தனை விதிகளுள் ஓரிடத்திலாவது செல்வம், செல்வாக்கு, உறவுமுறை என்னும் தகுதிகள் பேசப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சடங்கின்போதே குருவானவர் பெற்றோரைக் கேட்டபின், ஞானப்பெற்றோரை நோக்கி, இவர்களுக்குத் துணைசெய்ய ஆயத்தமா என்று கேட்கிறார். "ஆம்" என்கிறோம். புகைப்படக்காரர் காட்டும் திசையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். ஆனால் சொன்னது கடவுளின் திருமுன் அன்றோ?

நம் மண்ணில் விளைந்த பாடம்

நம் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்திற்கு அருகே கோணான்குப்பம் உள்ளது. அங்குள்ள பெரியநாயகி அன்னையின் திருத்தலத்திற்குக் குடும்பத்தோடு சென்று வராதவர் நம் வாசகரில் சிலரே இருப்பர். அத்திருத்தலத்தோடு பிரிக்கவியலாதபடி இணைந்த பெயர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-இல் பிறந்து, தமிழகம் வந்து, தேம்பாவணி பாடி, 1747-இல் மறைந்த இயேசு சபைத் துறவி. அவரைக் கவிஞராகவும் இலக்கண, அகராதி ஆசிரியராகவும் நாம் அறிவோம். வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலையும் அவர் இயற்றினார் என்பதைப் பலர் அறியார். வேதியர் என்றது அக்காலத்து உபதேசியார்களை. அவர்களுக்குரிய கடமைகளையும் நற்பண்புகளையும் எடுத்துரைப்பதற்கென்றே எழுதப்பட்ட நூல் அது.

ஒரு பெருங்கவிஞர் இதற்கென ஏன் ஒரு நூல் எழுதவேண்டும்? காரணம் உண்டு. அந்நாளில் ஒரு குருவானவரின் பொறுப்பில் இருந்த நிலப்பரப்பு மிகப் பெரிது. ஓர் ஊருக்கு அவர் மீண்டும் வரப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளைகளுக்குச் செபம் கற்பித்தவர் வேதியர். ஞானஸ்நானத்திற்கு மக்களை ஆயத்தம் செய்தவர், சாகக்கிடந்தவரின் தலைமாட்டில் அமர்ந்தவர், சண்டையிட்ட வீடுகளைச் சேர்த்துவைத்தவர், எல்லாம் வேதியரே. அவர் ஒழுக்கம் கெட்டால் ஊரே கெடும். அவர் நேர்மையாய் நின்றால் ஊரின் விசுவாசம் நிற்கும். இதை முனிவர் கண்கூடாக அறிந்திருந்தார். நம் பாட்டன் பூட்டன் வழியாக நமக்கு வந்துசேர்ந்த விசுவாசம், பெயர் தெரியாத அந்த உபதேசியார்களின் கால்நடையில் வந்ததே. இப்பொதுநிலையினரின் தொண்டினை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2021-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் முறையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார்.

அதே முனிவரின் பரமார்த்த குருவின் கதையை நினைவுகூருங்கள். ஆற்றைக் கடந்து கரையேறிய குருவும் சீடர் ஐவரும், எல்லாரும் வந்துசேர்ந்தோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணுகிறான். கணக்கு ஐந்துதான் வருகிறது. ஒருவனை ஆறு கொண்டுபோயிற்று என்று ஓலமிடுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணிக் காட்டியபிறகே கணக்கு ஆறாகிறது.

சிறுவயதில் படித்துச் சிரித்த கதை. ஆனால் பங்குகளில் நாம் எண்ணுவதும் இப்படித்தான் இல்லையா? ஓர் இளைஞன் வழிதவறினால், யார் பொறுப்பு என்று எண்ணுகிறோம். பங்குத்தந்தை, கன்னியர், மறைக்கல்வி ஆசிரியர், பெற்றோர், அவன் கூட்டாளிகள் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். ஒரு விரல் குறைகிறது. எண்ணுகிற நம்மை நாம் எண்ணுவதில்லை! சிதம்பரத்துத் திருமண வீட்டில் "நின்றவர்" என்று நம் முதுகில் விழுந்தது அந்த வழிப்போக்கனின் அடிதான் என்று இப்போது உணர்கிறோம்.

எம்மாவு வழி

உடன் நடப்பது எப்படி என்று கற்பிக்க லூக்கா நற்செய்தியின் 24-ஆம் அதிகாரத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை. நம்பிக்கை இழந்து எருசலேமைவிட்டு விலகிச் செல்லும் சீடர் இருவரோடு உயிர்த்த ஆண்டவர் சேர்ந்துகொள்கிறார். அவர் செய்தவற்றின் வரிசையை நோக்குங்கள். முதலில் உடன் நடந்தார்; அதுவும் அவர்கள் போன திசையிலேயே நடந்தார். பிறகு கேள்வி கேட்டார். அவர்களின் ஏமாற்றத்தை முழுவதும் சொல்லவிட்டார். அதன்பிறகே மறைநூலை விளக்கினார். அழைத்த பிறகே வீட்டினுள் நுழைந்தார். அப்பத்தைப் பிட்டார். அவர்களுடைய கண்கள் திறந்ததும் மறைந்துபோனார்.

நாமோ இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறோம். முதலில் விளக்கம், அடுத்துக் கண்டனம். கேட்பதற்கு நேரமே இல்லை. ஆண்டவர் இறுதியில் மறைந்ததும் ஒரு பாடமே. வழிநடத்துகிறவர் பிள்ளையைத் தம்மோடு கட்டிப்போடலாகாது. அவனைக் கிறிஸ்துவிடமும் திருச்சபையிடமும் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கத் தெரியவேண்டும். அவன் நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொல்லலாகாது. சிறுவர் சிறுமியர் எனில் பெற்றோர் அறிய, பலர் காணும் இடத்தில் சந்திப்பதே முறை. தனிமையையும் இரகசியத்தையும் நாடுகிற வழிகாட்டி வழிகாட்டி அல்லன். அத்தகையோரைப் பெற்றோர் தயங்காமல் விலக்கவேண்டும்.

துயரில் இருப்போரிடம் இவ்வரிசை இன்னும் இன்றியமையாதது. 2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருவிழாவாகிய ஞாயிறு. அன்று காலை ஆழிப்பேரலை நம் கடற்கரையில் ஏறியது. தேவனாம்பட்டினம் முதல் தெற்கே கிள்ளைப் பகுதிவரை, கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாயிடம், "எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தவரும் இருந்தனர். பேசாமல் அருகமர்ந்து, அடுப்பு மூட்டிக் கஞ்சி கொடுத்து, மறுநாளும் வந்தவரும் இருந்தனர். அத்தாயின் மதம் எதுவென்று அவர்கள் கேட்கவில்லை. ஆறுதல் எவரிடமிருந்து கிடைத்தது என்று அழுதவர்களுக்குத் தெரியும்.

தமிழ் மண்ணின் புனிதர் தேவசகாயம் பிள்ளையின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்ட பிள்ளை, உடைமைகளை இழந்து மனமுடைந்திருந்தார். அவரோடு நட்புக்கொண்டு ஆறுதல் கூறியவர் டிலனாய் என்னும் டச்சுத் தளபதி. அவரும் 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டவர். இழப்பின் வலி அறிந்தவர். துன்பத்தில் தளராத யோபுவின் வரலாற்றை அவர் எடுத்துரைத்தார். நண்பரின் உள்ளம் விசுவாசத்தை நாடியபோது, வடக்கன்குளத்திலிருந்த இயேசு சபைக் குருவிடம் அவரை அனுப்பிவைத்தார். 1745-இல் நீலகண்டன் தேவசகாயமானார். 1752-இல் சாட்சியாக உயிர்நீத்தார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். ஒரு புனிதரின் தொடக்கத்தில், துயருற்ற நண்பனோடு உட்கார்ந்து பேசிய ஒரு பொதுநிலையினர் இருந்தார் என்பதை மறவாதிருப்போம். தம்மால் இயலாததற்கு இயன்றவரிடம் அனுப்பிய அவர் அடக்கத்தையும் கவனிப்போம். இன்றும் அப்படியே. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவர் வேண்டும். உறக்கமின்றி, உணவின்றி, வாழ்வே வேண்டாம் என்று பேசுகிற பிள்ளைக்குச் செபத்தோடு மருத்துவரும் வேண்டும்.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

குழந்தைக்கு ஞானப்பெற்றோரைத் தேடும் குடும்பத்தாரே, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: நாளை நாங்கள் இல்லாவிடில், இவர் என் பிள்ளையோடு அமர்ந்து செபிப்பாரா? விடை "ஆம்" என்றால் அவர் ஏழையானாலும் தயங்காதீர்கள். "தெரியாது" என்றால் அவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் விருந்துக்கு அழையுங்கள், போதும்.

முன்பே ஞானப்பெற்றோரானவர்கள், பிள்ளையின் பிறந்தநாளோடு ஞானஸ்நான நாளையும் குறித்துவையுங்கள். அன்று ஒரு கடிதம், அல்லது ஒரு தொலைபேசி அழைப்பு. பரிசைவிட, "உனக்காக இன்று பூசை கண்டேன்" என்னும் சொல் பெரிது. உங்கள் பிள்ளை படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் செல்லும்போது, அவ்வூர்ப் பங்குத்தந்தைக்கும் அங்குத் தெரிந்த ஒரு குடும்பத்திற்கும் செய்தி சொல்லுங்கள். சிதம்பரம் போன்ற கல்வி நகரங்களில் வாழும் குடும்பத்தாருக்கு ஒரு தனி வேண்டுகோள்: பூசைக்கு வரும் புதுமுக மாணவரை உற்றுப் பாருங்கள். வாசலில் நிற்பவனை இன்னும் உற்றுப் பாருங்கள். உங்கள் அன்பியத்தில் அவர்களுக்கு ஓர் இடமும், உங்கள் அடுக்களையில் ஒரு தட்டும் இருக்கட்டும்.

திமொத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது, பவுலடியார் அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர்சொல்லி நினைவுகூர்கிறார். வீட்டுத் திண்ணையில் பாட்டி சொல்லிக்கொடுத்த செபத்திற்கு வேதாகமத்தில் இடம் கிடைத்திருக்கிறது! பாட்டிமாரே, உங்கள் பங்கு சிறிதென்று எண்ணாதீர்கள்.

இறுதியாக ஒரு செய்தி. சென்ற மாதம் நம் ஞானப்பிள்ளை தொலைபேசியில் பேசினான். அவன் மனைவி தாய்மை அடைந்திருக்கிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு ஞானத்தந்தையாக யாரை நிறுத்துவது என்று இருவரும் இப்போதே தீர்மானித்துவிட்டார்களாம். அவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே வாழும் ஓர் இளம் மறைக்கல்வி ஆசிரியராம். வசதியானவர் அல்லர், உறவினரும் அல்லர். "பிள்ளை தினமும் பார்க்கிற ஆளாக இருக்கட்டும் என்று நினைத்தோம்" என்றான்.

உண்மையைச் சொன்னால், நம்மைக் கேட்பான் என்றொரு ஆசை நமக்குள் ஒளிந்திருந்தது. அது பொய்த்தபோது சற்றே வலித்தது. ஆனால் அவன் செய்தது சரி. அதை அவனிடமே சொன்னோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் தாயார் கேட்டதை அன்று செய்யத் தவறியதற்கு அவனிடம் மன்னிப்பும் கேட்டோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அடுத்தமுறை சிதம்பரம் வரும்போது வீட்டுக்கு வாருங்கள். தாத்தாவையும் அழைக்கிறேன். சேர்ந்து சாப்பிடலாம்" என்றான்.

வருகிற ஞாயிறு போகிறோம். ஆட்டோவில் பத்து நிமிடம்தான்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இவ்விதழைக் கீழே வைக்குமுன், நீங்கள் யாருக்கு ஞானத்தந்தையாக, ஞானத்தாயாக நின்றீர்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அப்பிள்ளையின் பெயரைச் சொல்லி ஓர் "அருள்நிறைந்த மரியே" சொல்லுங்கள். பிறகு அவனை, அவளை, அழைத்து, "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். வழிநடக்கும் ஆண்டவர் உங்களோடும் உங்கள் பிள்ளைகளோடும் நடப்பாராக!